மணி அடித்த பிறகு வாத்தியார் என்ன செய்தார்? நூறாண்டுப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளில் தேட ஒரு வழிகாட்டி

பள்ளி நூற்றாண்டு மலர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. தலைமையாசிரியர் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல், பெரிய பதவிக்குப் போன பழைய மாணவர்களின் படங்கள். ஆசிரியர்களுக்கு “தன்னலம் கருதாது உழைத்தார்கள்” என்று ஒரு வரி. என்ன உழைப்பு, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், யார் உத்தரவில் என்று எதுவும் இருக்காது. ஃபுட்பால் டீமைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ரயிலேறியவர், சனிக்கிழமை மாலை விவாதக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், விடுதிச் சமையலுக்கு அரிசி அளந்து கொடுத்தவர் எல்லாரும் அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோகிறார்கள்.

மலர்க் குழுவில் முதன்முறையாக வேலை பார்ப்பவர்களுக்கும், வாத்தியாராக இருந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 1900 முதல் 1930 வரை. இடம், அன்றைய சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடம் நடத்தியதற்குப் பதிவேடு உண்டு. மாலை நேர வேலைகளுக்கு என்று தனிப் பதிவேடு கிடையாது. ஆனால் அந்த வேலைகளுக்குப் பணம் செலவானது. செலவான இடத்தில் ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். பாராட்டுரைகளில் தேடாதீர்கள், பற்றுச்சீட்டுகளில் தேடுங்கள்.

முதல் படி: அன்றைய பள்ளியின் அமைப்பைத் தெரிந்துகொள்வது

பதிவேட்டைத் திறப்பதற்கு முன் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வகுப்புகளை அன்று ஃபாரம் என்றார்கள். முதல் ஃபாரம் இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாவது ஃபாரம் பதினோராம் வகுப்பு. நான்கு, ஐந்து, ஆறு ஃபாரங்கள்தான் உயர்நிலை. பழைய மெட்ரிகுலேஷன் தேர்வு இருந்த இடத்துக்கு 1911 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. இந்த மாற்றம் கல்வியாண்டையும் சேர்த்து நகர்த்தியது. ராமானுஜன் மெட்ரிகுலேஷன் எழுதியது 1903 டிசம்பரில், எஸ்.எஸ்.எல்.சி. நடந்ததோ கோடை விடுமுறைக்கு முன்னால். அதனால் “1908-ஆம் ஆண்டு ஆண்டு விழா” என்று ஒரு குறிப்பு கிடைத்தால், அந்தப் பள்ளியில் ஆண்டு ஜனவரியில் தொடங்கியதா ஜூனிலா என்று சேர்க்கைப் பதிவேட்டில் பார்த்த பிறகே தேதியை எழுதுங்கள்.

பள்ளி யாருடையது என்பதும் முக்கியம். அரசுப் பள்ளி, ஜில்லா போர்டு பள்ளி, முனிசிபல் பள்ளி, மிஷன் பள்ளி, உதவி பெறும் தனியார் பள்ளி என்று ஐந்து வகை. ஜில்லா போர்டு என்பது அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பு; போர்டு ஹைஸ்கூல் என்றால் ஆசிரியர் நியமனம், மாற்றல், செலவு ஒப்புதல் எல்லாம் ஜில்லா போர்டின் காகிதங்களில் இருக்கும்; பள்ளியில் இருக்காது. மிஷன் பள்ளி என்றால் அந்தச் சபையின் ஆவணங்களில் பாதிக் கதை இருக்கும்.

அடுத்தது ஆட்கள். பி.ஏ., எல்.டி. போட்டுக்கொண்டவர்கள் பட்டதாரி ஆசிரியர்கள், எல்.டி. என்பது ஆசிரியப் பயிற்சிப் பட்டம், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிதான் அதற்குப் பெயர்போன இடம். அவர்களுக்குக் கீழே பட்டமில்லாத பயிற்சி பெற்றவர்கள், தமிழ்ப் பண்டிதர், சமஸ்கிருத பண்டிதர், முன்ஷி (மொழியாசிரியர்), டிராயிங் மாஸ்டர், டிரில் மாஸ்டர். வகுப்புக்கு வெளியேயான வேலை யார் தலையில் விழும் என்பதை இந்த வரிசையை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ஆங்கிலம் நடத்துபவருக்கு இலக்கியச் சங்கம். அறிவியல் ஆசிரியருக்கு ஆய்வக அலமாரியும், திரையில் படம் காட்டும் மேஜிக் லாந்தரும். பண்டிதருக்குத் தமிழ்ச் சங்கம். அத்துடன் கலெக்டரோ இன்ஸ்பெக்டரோ வந்தால் படிக்க வரவேற்புப் பா. டிராயிங் மாஸ்டருக்கு நாடகத் திரைச்சீலை. புதிதாக வந்த கல்யாணமாகாத பட்டதாரிக்கு விளையாட்டும் விடுதியும். இது தேடலைத் தொடங்குவதற்கான ஊகம் மட்டுமே. ஆதாரம் கிடைக்கும்வரை மலரில் ஏற்றக் கூடாது.

கணக்கு வாத்தியார் தலையில் விழுந்தது டைம்டேபிள். இதற்குப் பெயரோடு சான்று இருக்கிறது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சுமார் 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் பொருத்தி அட்டவணை போடும் வேலை மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையருடையது. அதில் அவருக்குக் கைகொடுத்தது மாணவன் ராமானுஜன். ராமானுஜன் கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆசிரியர் பக்கமிருந்து பாருங்கள்: ஒரு மனிதர் வருடா வருடம் தன் சொந்த நேரத்தில் இந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறார்.

இரண்டாம் படி: அனுமதி

தலைமையாசிரியருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். உதவி பெறும் பள்ளி என்றால் செயலருக்கு ஒரு நகல். எந்த ஆண்டுகள், எந்தப் பதிவேடுகள், எத்தனை பேர் வருவீர்கள், புத்தகம் வளாகத்தை விட்டு வெளியே போகாது என்ற நான்கையும் கடிதத்தில் சேருங்கள். தேர்வுக் காலத்திலும் ஜூன் சேர்க்கை நேரத்திலும் போகாதீர்கள். பழைய பதிவேடு எந்த அறையில் இருக்கிறது என்பது அலுவலக உதவியாளருக்குத்தான் தெரியும். அவரோடு முதல் நாளே பேசிவிடுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் புத்தகத்தை முதலில் கேட்பது

பெரும்பாலானவர்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். அது சில ஆண்டுகளில் கழித்துக்கட்டப்படுவது. இருந்தாலும் வகுப்பு நேரத்தைத்தான் சொல்லும். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக இருக்கும், ஆனால் அது மாணவர்களைப் பற்றியது. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சர்க்குலர் நோட்டு. தலைமையாசிரியர் ஓர் உத்தரவை எழுதி பியூனிடம் கொடுத்தனுப்புவார். ஆசிரியர்கள் படித்துவிட்டுக் கீழே சுருக்கொப்பம் இடுவார்கள். “வரும் சனிக்கிழமை மாலை இன்னார் மைதானத்தில் இருக்க வேண்டும்” என்பது போன்ற வரி இங்கே மட்டும்தான் கிடைக்கும். கையெழுத்து வரிசையையும் கவனியுங்கள். யார் முதலில், யார் கடைசியில் என்பது பெரும்பாலும் பணிமூப்பைக் காட்டும்.

அடுத்து கேஷ் புக்கும் வவுச்சர் கட்டும். விளையாட்டுக் கட்டணம், சங்கச் சந்தா, நூலகக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு இருந்திருந்தால் அதிர்ஷ்டம்தான். அதன்பின் சம்பளப் பட்டுவாடாவுக்கான அக்விட்டன்ஸ் ரோல். தற்காலிகமாக வந்து போனவர்கள் பிடிபடுவது இதில்தான். பாரதியார் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தது 1904 ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரைதான். ஆண்டறிக்கையை மட்டும் நம்பினால் இப்படி மூன்று மாதம் இருந்தவர்கள் அத்தனை பேரும் தப்பிவிடுவார்கள்.

பிறகு சரக்குப் பதிவேடு, சங்கக் குறிப்பேடுகள், பார்வையாளர் புத்தகம், ஆய்வு அறிக்கைகள். இவை எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டால் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆய்வக அலமாரியின் மேல்தட்டு, உடைந்த பெஞ்சு போட்டுவைத்த அறை, நூலகத்தின் அகராதி வரிசைக்குப் பின்னால் என்ற மூன்று இடங்களையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: புத்தகத்தைக் கையாள்வது

அந்தக் காலத்து மை பல புத்தகங்களில் பழுப்பாகி, எழுத்து இருந்த இடத்தில் தாளையே அரித்திருக்கும். அப்படிப்பட்ட பக்கத்தை மடக்கினால் எழுத்தின் கோட்டிலேயே ஒடியும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது எப்போதுமே தவறு. இங்கே இரட்டிப்புத் தவறு, ஏனென்றால் காப்பியிங் பென்சிலால் எழுதிய வரி ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து பரவிவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க நீராவி காட்டாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பூச்சி இருக்கிறதென்று வெயிலில் காய வைப்பார்கள். அதில் தாள் இன்னும் முறுகிப்போகும். மென்மையான அகலத் தூரிகையால் தைத்த பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டினால் போதும். கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சிலால் குறிப்பெடுங்கள்.

படம் எடுக்கப் போன் கேமரா போதும், ஆனால் கணக்குத் தெரிந்து எடுக்க வேண்டும். ஃபூல்ஸ்கேப் தாள் ஏறக்குறைய 13½ அங்குல உயரம், 8½ அங்குல அகலம். 12 மெகாபிக்சல் கேமராவில் நீளவாக்கில் சுமார் 4,000 புள்ளிகள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 300 புள்ளி விழும், பென்சில் குறியும் தெரியும். விரித்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்தால் 17 அங்குலத்துக்கு அதே 4,000, அதாவது 235 புள்ளி. அணாக் கலத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் பிறகு திண்டாடுவீர்கள். பக்கம் பக்கமாகவே எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழட்டும். ஒருவர் புரட்ட ஒருவர் எடுத்தால் பக்கத்துக்கு அரை நிமிடம். 200 பக்கப் புத்தகம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். அட்டை, முதுகு, உள்ளட்டைக் கிறுக்கல் எதையும் விடாதீர்கள். பிரேம் போட்ட குழுப் படத்தைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். அட்டையில் அச்சிட்ட பெயர் வரிசை “இடமிருந்து வலம்” என்றால் பார்ப்பவரின் இடம்தான். பந்து மீதும் கேடயம் மீதும் சுண்ணாம்பிலோ பெயின்ட்டிலோ ஆண்டு எழுதியிருப்பார்கள். அதை நெருக்கமாகத் தனிப் படம் எடுங்கள்.

ஐந்தாம் படி: வாசிப்பது

தொகைகள் 3–8–0 என்ற வடிவில் இருக்கும்: 3 ரூபாய் 8 அணா 0 பை. 12 பை (தம்பிடி) ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். எனவே இது மூன்றரை ரூபாய். இன்றைய பைசா நினைப்பில் 3.80 என்று எழுதி வைத்த மலர்கள் உண்டு.

தேதியில் மூன்று இடத்தில் வழுக்கும். மைதான நிலத்தின் காகிதங்களில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு வரும். ஜூலை 1-இல் தொடங்கும், 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. நாகர்கோவில் பக்கம் அன்று திருவிதாங்கூர். அங்கே கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) வரும், ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். கொல்லம் 1085 என்பது 1909–10. அழைப்பிதழ்களில் தமிழ் ஆண்டுப் பெயர் வரும். ஆனந்த வருஷம் 1914 ஏப்ரல் நடுவிலிருந்து. ஆனால் 1854-லும் 1974-லும் அதே ஆனந்தம் உண்டு, ஆகவே தாளையும் எழுத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேதி கிழிந்துபோன வவுச்சருக்கு ஒரு வழி இருக்கிறது. 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஓரணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஸ்டாம்பில் ஏழாம் எட்வர்ட் தலை என்றால் 1902-க்கு முந்தையது அல்ல. ஐந்தாம் ஜார்ஜ் தலை என்றால் 1911-க்கு முந்தையது அல்ல. கையெழுத்து ஸ்டாம்பின் மேல் குறுக்கே ஓடியிருக்கும். 

பெயர்களில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரே பள்ளியில் ஒரே சமயத்தில் இரண்டு சீனிவாசய்யர்கள், மூன்று சுப்பிரமணியப் பிள்ளைகள் இருப்பது சாதாரணம். தலைப்பெழுத்தோடு பட்டத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஐயர் என்பதையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே ஆள் ஆண்டறிக்கையில் ஒரு விதம், தன் கையெழுத்தில் இன்னொரு விதம். சந்தேகம் வந்தால் கையெழுத்தின் சுழியை ஒப்பிடுங்கள். பெயரை விட அது நம்பகமானது.

ஆறாம் படி: வேலையை வேலையாக அடையாளம் காண்பது

கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இது.

விளையாட்டில் தொடங்குங்கள், ஏனென்றால் அதிகக் காகிதம் அங்கேதான். அன்றைய ஃபுட்பால் என்பது இரண்டு பொருள். வெளியே தைத்த தோல் உறை, உள்ளே ரப்பர் பிளாடர். பிளாடரை ஊதி, வாயை நூலால் கட்டி, உறைக்குள் மடித்துச் செருகி, மேலே தோல் நாடாவால் இழுத்துத் தைக்க வேண்டும். நாடா சரியாக இறுகாவிட்டால் கட்டிய வாய் வெளியே பிதுங்கி, அடுத்த உதையில் கிழியும். அதனால் பிளாடர் தனியாகவும் உறை தனியாகவும் வாங்குவார்கள். ஒரு வருடத்துக் கணக்கில் உறை 2, பிளாடர் 10 என்று இருந்தால் அந்தப் பந்து தினமும் உதைபட்டிருக்கிறது என்று பொருள். யாரோ ஒருவர் தினமும் மாலை அதைக் கட்டி ஊதி வெளியே எடுத்திருக்கிறார். உறை 1, பிளாடர் 1, அதுவும் ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு என்றால் விளையாட்டு பெயருக்குத்தான் நடந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் உறை வாங்கியிருந்தால் வியப்பில்லை, மழையில் நனைந்த தோலில் தையல் இற்றுவிடும். ரசீதில் “பெற்றுக்கொண்டேன்” என்று ஒப்பமிட்டவர் யார் என்று பாருங்கள். அவர்தான் மைதானத்து ஆள், அவர் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்பட்டிருக்காவிட்டாலும்.

டிரில் மாஸ்டரை விளையாட்டு ஆசிரியரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டிரில் வகுப்பு நேரத்தில் நடப்பது. வரிசை, அணிவகுப்பு, டம்பெல், கர்லாக்கட்டை. அந்த வேலையில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருந்தார்கள். மாலை விளையாட்டு பட்டதாரி ஆசிரியர்களின் கூடுதல் பொறுப்பு. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகு பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பள்ளியில் அப்படி ஒருவர் வந்து சேர்ந்த ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முன்னால் அந்தப் பாரத்தைச் சுமந்தவர் யார் என்ற கேள்வி தானாகவே கூர்மையாகும்.

அடுத்தது இலக்கியச் சங்கம். குறிப்பேட்டில் தேதி, தலைவர், தலைப்பு, ஆதரித்தவர், எதிர்த்தவர், வாக்கு, தலைவரின் முடிவுரை என்ற வரிசை இருக்கும். எழுதியவர் மாணவச் செயலர். தலைவர் பெரும்பாலும் ஆசிரியர். முதல் இரண்டு மாதம் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், பிறகு நான்கு வரியாகச் சுருங்கும். சங்கம் தளர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். செயலர் மாறியிருக்கலாம், பரீட்சை நெருங்கியிருக்கலாம். அடியில் ஆசிரியரின் ஒப்பம் தொடர்ந்து விழுந்திருக்கிறதா என்பதே அளவுகோல். தலைப்புகள் சப்பென்று இருக்கின்றன, நாட்டில் அத்தனை கொந்தளிப்பு இருந்தும் ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். மாணவரும் ஆசிரியரும் அரசியலில் ஈடுபடுவதைக் கட்டுப்படுத்தி 1907-இல் ரிஸ்லி சுற்றறிக்கை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியரின் வேலையும் பள்ளியின் மானியமும் அந்தத் தலைப்போடு கட்டப்பட்டிருந்தன. “கிராம வாழ்வா நகர வாழ்வா” என்ற தலைப்புக்குப் பின்னால் ஒரு மனிதரின் கவனமான தேர்வு இருக்கலாம். அவருடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று எழுதும் உரிமை நமக்கு இல்லை.

ஆண்டு விழாவுக்கு அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் கிடைக்கும். நடித்த பையன்களின் பெயர் இருக்கும். ஒத்திகை பார்த்தவர் பெயர் இருக்காது. அதற்கும் பில்தான் வழி: உடை வாடகை, அரிதாரம், விளக்கு வாடகை, பந்தல். பில்லை மேலொப்பம் இட்டவர் ஒரே ஆளாக நான்கைந்து வருடம் தொடர்ந்தால் நாடகப் பொறுப்பு அவருடையது என்று துணிந்து எழுதலாம். பரிசுப் புத்தகங்களின் உள்பக்கம் ஒட்டிய சீட்டும் நல்ல சான்று. கும்பகோணத்தில் ராமானுஜனுக்கு 1904-இல் ரங்கநாத ராவ் பரிசு கொடுத்தது போன்ற அறக்கட்டளைப் பரிசுகளுக்குத் தனிக் கணக்கே வைத்திருப்பார்கள்.

சாரணர் இயக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. அன்னி பெசன்ட் முன்னின்று 1916–17 வாக்கில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். 1921-இல் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இந்தியா வந்ததை ஒட்டி இரண்டு சங்கங்களும் இணைந்தன. ஆகவே 1919-இல் உங்கள் பள்ளியில் “ஸ்கவுட் மாஸ்டர்” என்று ஒருவர் இருந்தால் எந்தச் சங்கம் என்று பார்த்து எழுதுங்கள். பெசன்ட் பக்கம் என்றால் அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆவணங்களிலும் விசாரியுங்கள்.

விடுதிப் பொறுப்பு இருந்த ஆசிரியருக்கு மணி அடிப்பதென்பதே கிடையாது. அரிசி, விறகு, நெய் கணக்கு, காய்ச்சல் கண்ட பையன், இரவு விளக்கு அணைத்தல் எல்லாம் அவர்தான். விடுதிக் கணக்கில் சாதி பார்த்து இரண்டு சமையல், இரண்டு பந்தி என்று பிரித்து எழுதியிருந்தால் அதை மறைக்காமல் மலரில் எழுதுங்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி பற்றி 1920-களின் நடுவில் எழுந்த போராட்டம் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. அதே சாப்பாட்டு அறைப் பிரச்சினை பல விடுதிகளில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த ஆசிரியர் என்ன செய்தார் என்பது அவருடைய பணி வரலாற்றின் ஒரு பகுதி.

பெண்கள் பள்ளிகளில் வகுப்பு வேலைக்கும் வெளி வேலைக்கும் நடுவிலான கோடே அழிந்துபோகிறது. சகோதரி சுப்பலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். ஆசிரியர் வேலையும் அந்தப் பெண்களைப் படிக்க வைத்து ஆளாக்குவதும் அவருக்கு ஒரே வேலை. பெண்கள் பள்ளியைப் பற்றி எழுதுபவர்கள் விடுதிக் காகிதத்தை முதலில் பாருங்கள், வகுப்புக் காகிதத்தைப் பிறகு.

இன்னொன்று மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. அன்று ஒரே இரவில் எண்ணி முடிப்பது வழக்கம்: 1901 மார்ச் 1, 1911 மார்ச் 10, 1921 மார்ச் 18, 1931 பிப்ரவரி 26. இதற்கு ஆசிரியர்கள் பலர் இழுக்கப்பட்டார்கள். இந்தத் தேதிகளுக்கு முந்தைய சில வாரங்களின் சர்க்குலர் நோட்டைக் கவனமாகப் படியுங்கள்.

பள்ளிச் சுவரைத் தாண்டிய வேலையையும் விடாதீர்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோதே வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி 1904-இல் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். சின்ன ஊர்களிலும் கூட்டுறவு வங்கி, வாசகசாலை, கோயில் குழு ஆகியவற்றின் எழுத்து வேலை பள்ளி வாத்தியாரிடம்தான் போய்ச் சேரும், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர் அவர் என்பதால். உங்கள் ஊர்ச் சங்கத்தின் முதல் செயலர் யார் என்று பாருங்கள்.

ஏழாம் படி: பள்ளிக்கு வெளியே

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கல்வித் துறை அரசாணைகளும் ஆண்டுதோறும் வந்த பொதுக் கல்வி அறிக்கைகளும் அங்கே. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய தமிழ் இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். அன்றைய தமிழ் நாளிதழ் சுதேசமித்திரனில் பள்ளி ஆண்டு விழாச் செய்தி தேடுவதென்றால் விழாத் தேதியிலிருந்து இரண்டு வாரம் வரை பாருங்கள். வெளியூர்ச் செய்தி தாமதமாகத்தான் வரும். யாழ்ப்பாணத்துப் பள்ளி என்றால் நூலகம் திட்டத்தின் இணையதளம் பெரிய சுரங்கம். யாழ்ப்பாணக் கல்லூரியின் மலர் 1879-லேயே தொடங்கிவிட்டது.

எட்டாம் படி: குடும்பங்கள்

அந்தக் காலத்தை நேரில் கண்டவர் இன்று அநேகமாக இல்லை. பேரன் பேத்திகள் சொல்வது கேள்விப்பட்டது. அதனால் “தாத்தா என்ன செய்தார்” என்று கேட்டால் “ரொம்பக் கண்டிப்பானவர்” என்ற பதிலோடு நின்றுவிடும். பொருளைக் கேளுங்கள். விசில் இருந்ததா? வெள்ளிப் பதக்கம், பிரிவுபசாரப் பத்திரம், குரூப் போட்டோ? சனிக்கிழமை வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவாராம்? அவர் மாணவர்கள் யாராவது கல்யாணத்துக்கு வந்து பழைய கதை சொன்னதுண்டா? பிரிவுபசாரப் பத்திரம் கிடைத்தால் பெரும் புதையல். புகழ்ச்சி வார்த்தைகளுக்கு நடுவே “எங்கள் சங்கத்தின் தலைவராக ஒன்பது ஆண்டுகள்” போன்ற ஒரு வரி ஒளிந்திருக்கும்.

ஒன்பதாம் படி: எழுதி வைப்பது

ஒரு வேலைக்கு ஒரு அட்டை. பெயர் (மூலத்தில் உள்ளபடியே), ஆண்டு, வேலை, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், உறுதியின் அளவு. உறுதிக்கு மூன்று குறி போதும்: உத்தரவோ ஒப்பமோ நேரடியாக இருந்தால் அ, பில், படம் போன்றவற்றிலிருந்து ஊகித்தால் ஆ, குடும்பத்தார் சொன்னது மட்டும் என்றால் இ. மலரில் அச்சேறும்போது ‘ஆ’ அட்டைகளை “பொறுப்பு வகித்ததாகத் தெரிகிறது” என்றும், ‘இ’ அட்டைகளை “என்று குடும்பத்தார் கூறுகின்றனர்” என்றும் எழுதுங்கள். இந்த வேறுபாட்டைத் தூக்கிவிட்டால் அடுத்த மலர்க்காரர் உங்கள் ஊகத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

படங்களின் கோப்புப் பெயரில் பள்ளி, புத்தகம், ஆண்டு, பக்க எண் வரட்டும். போன் தானாகக் கொடுக்கும் எண்ணை விட்டுவைக்காதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்பம் பெற்றுக் கொடுங்கள், மற்றொன்றை மலர்க் குழுவில் இளையவர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். பதிவேடுகளைக் காடாத் துணியில் சுற்றி, மேலே ஒரு தாளில் ஆண்டும் புத்தகப் பெயரும் பென்சிலால் எழுதிச் செருகி, சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, கீழ்த்தட்டைத் தவிர்த்து அடுக்குங்கள். கரையான் முதலில் ஏறுவது சுவர் ஓரமும் கீழ்த்தட்டும்தான்.